அஞ்சு நிமிஷத்தில் கழலும் குழாய்

நாகப்பட்டினம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு புங்க மரம். அதன் கீழே நாலு இரும்புக் கழியை நட்டு, மேலே தகரத்தைப் போட்டு, காயாரோகணம் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். ஊர்க் கோயில் சாமியின் பெயர் அவருக்கு, அம்மனின் பெயர் அவர் பெண்சாதிக்கு. "சாமியும் அம்மனும் சண்ட போட்டா தேர் எப்படிய்யா நகரும்?" என்று வண்டி கொண்டுவருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். நீலாயதாட்சி சண்டை போடுகிற ரகம் இல்லை. நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள், காயாரோகணத்துக்கு வேர்த்துவிடும்.

அவர் கடற்கரைக்காரர். விசைப்படகுகள் இந்தப் பக்கம் வந்த புதிதில் இன்ஜின் வேலை கற்றுக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வருஷம் படகுகளிலேயே புரண்டவர். கார் வேலைக்கு வந்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. கைராசிக்காரர் என்று பெயர். அந்தப் பெயர் அவருக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது, இல்லாமல் என்ன.

எழுபத்திரண்டாம் வருஷம், மாசிக் கடைசி. கருவேலங்குடி மிராசுதார் சோமாஸ்கந்தத்தின் அம்பாசிடர் கார், நெல் மூட்டை ஏற்றிய லாரி மாதிரி உறுமிக்கொண்டு ஷெட்டுக்குள் வந்து நின்றது. புகைக்குழாய் விட்டுப்போய் அடியில் தொங்கியது.

"மூணாவது தடவ அண்ணே," என்றான் டிரைவர் சாமிதுரை. "பண்ணைக்குப் போற வழியில அந்த மதகுப் பாலம் கூன் விழுந்து நிக்குது. எவ்ளோ பொறுமையா ஏத்துனாலும் வண்டி வயித்துல இடிச்சிடுது. வெல்டு வச்ச எடம் வாயப் பொளந்துடுது."

பின்சீட்டிலிருந்து சோமாஸ்கந்தமே இறங்கினார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, முகத்தில் கல்யாணக் களை. உண்மையாகவே கல்யாணம்தான். நாளை மறுநாள் திருக்கடையூரில் அவருக்கு அறுபதாம் கல்யாணம்.

"இந்தாப்பா காயாரோகணம், இனிமே ஒட்டுற வேலையே வேணாம். பிச்சுக்கிட்டா அறுத்துல்ல எடுக்க வேண்டியிருக்கு? கழட்டி மாட்டுற மாதிரி செஞ்சு குடு. பாலத்துல இடிச்சா சாமிதுரை அங்கேயே கழட்டி, நிமித்தி, மாட்டிக்கிட்டு வரணும். ஒரே ஸ்பேனரு, அஞ்சு நிமிஷம். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள வண்டி வேணும்."

ஒழுங்கான வழி காயாரோகணத்துக்குத் தெரியாமல் இல்லை. இதைத்தான் சொல்ல வேண்டும். இரண்டு குழாயின் முனையிலும் கனமான வட்டத் தகடு ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். அந்தத் தகடுகளின் முகத்தைக் கடைசல் பட்டறையில் கொடுத்து லேத்தில் மட்டம் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தாமிரம் போர்த்திய கேஸ்கெட், சுற்றி மூன்று போல்ட், சூட்டில் துருவேறிக் கவ்விக்கொள்ளாமல் இருக்கப் பித்தளை நட்டு. அப்படிச் சேர்த்தால் பீடிப் புகை அளவுகூட வெளியே கசியாது. பத்து வருஷம் கழித்துத் தொட்டாலும் நட்டு கழன்று வரும். ஆனால் கடைசல் பட்டறைக்காரர் வேலையை வாங்கி வைத்துவிட்டு இரண்டு நாள் என்பார். கழற்றுவதற்கும் அஞ்சு நிமிஷம் போதாது.

"ரெண்டு நாளு ஆவுங்க ஐயா, அவசரத்துக்கு வேற வண்டி பாத்துக்குங்க" என்று ஒரு வாய் சொல்லியிருக்கலாம். சோமாஸ்கந்தம் கடித்தா தின்றுவிடப்போகிறார்? ஆனால் அவர் பஸ் ஸ்டாண்டே பார்க்கும்படி காயாரோகணத்தின் தோளில் கையைப் போட்டார். "நடுக்கடல்ல நின்ன இன்ஜினையே பேச வச்ச ஆளுன்னு சொல்றாங்க. உன்னால முடியாதா?" என்றார். அந்தக் கை தோளில் இருந்தபோது காயாரோகணத்துக்கு முடியாதது எதுவும் இல்லாமல் போயிற்று.

படகில் செய்கிற வழி ஒன்று உண்டு. உப்புக் காற்றில் படகின் புகைக்குழாய் சீக்கிரம் துருப்பிடிக்கும், அடிக்கடி கழற்ற வேண்டும். அதனால் ஒரு குழாயின் வாயை விரித்து, இன்னொன்றை அதற்குள் செருகிவிடுவார்கள். வெளிக்குழாயின் வாயில் ரம்பத்தால் ஒரு வெட்டு விட்டு, மேலே கிளாம்ப் போட்டு முறுக்கினால் வாய் சுருங்கி உள்குழாயைப் பிடித்துக்கொள்ளும். முறைப்படி அந்த வெட்டு, உள்ளே செருகிய குழாயின் நீளத்துக்குள் அடங்க வேண்டும். படகுக்காரர்கள் அதைப் பார்ப்பதில்லை. ஒரே இழுப்பில் உருவ வேண்டும் என்று வெட்டை நீளமாகவே விட்டுவிடுவார்கள். கொஞ்சம் புகை ஒழுகினால் என்ன, சுற்றிலும் கடல், மேலே வானம்.

காயாரோகணத்தின் கை அந்தப் பழக்கத்திலேயே போயிற்று. வெட்டு இரண்டு விரற்கடை கூடுதலாக விழுந்தது. மாட்டிவிட்டு இன்ஜினைப் போடச் சொல்லி, அடியில் படுத்துக்கொண்டு உள்ளங்கையைக் கொண்டுபோனார். வெட்டின் கோடியிலிருந்து சூடாக ஒரு மூச்சு கையில் அடித்தது. ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை நனைத்துச் சுற்றினார். மூச்சு குறைந்தது, நிற்கவில்லை. மேல்பக்கம் இருந்தால் புகை தரைத்தகட்டு வழியாக வண்டிக்குள் ஏறும், வயதான தம்பதிக்குத் தலைசுற்றும் என்று யோசித்து, குழாயைத் திருப்பி வெட்டைக் கீழே பார்க்க வைத்தார். கீழே தார் ரோடுதானே.

"புஸ்ஸுங்குதே அண்ணே?" என்றான் சாமிதுரை.

"ஓட ஓடக் கரி புடிச்சுத் தானா அடைஞ்சுக்கும் போ."

அறுபதாம் கல்யாணம் அமோகமாக நடந்தது. திருக்கடையூர்ப் பிரசாதம் ஒரு ஓலைப்பெட்டி நிறைய ஷெட்டுக்கு வந்தது. காயாரோகணம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுத்து, யார் வீட்டிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிக் கொடுத்தார்.

பங்குனி பிறந்தது. சம்பா அறுவடை முடிந்த வயல்களில் உளுந்து முற்றிப் பிடுங்குகிற மாதம் அது. காய்ந்த செடியைக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறி மிதிக்க மிதிக்க நெற்று உடைந்து உளுந்து உதிரும். பங்குனியில் இந்தச் சீமையில் தார் ரோட்டில் பாதி களம்தான். காயாரோகணமே எத்தனையோ தடவை அதன்மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனவர். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்து வெட்டைக் கீழே திருப்பிய அன்றைக்கு அவர் மனசில் ரோடு இல்லை. கடல்தான் இருந்தது.

பங்குனி பத்தாம் தேதி பொழுது சாய்கிற நேரத்துக்கு அம்பாசிடர் மறுபடி ஷெட்டுக்கு வந்தது. சாமிதுரையின் முன்கை மயிர் பொசுங்கியிருந்தது. அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சோமாஸ்கந்தம் இந்தத் தடவை வண்டியை விட்டு இறங்கவில்லை.

"கழட்டி வேற போடு. தகடு வச்சு போல்ட்டு போடுவாங்களே, அது போடு. ரெண்டு நாளு எடுத்துக்க. ஒரு பொட்டுப் புகை வெளிய வரக் கூடாது. பழச கடல்ல போட்டுடு."

"என்னங்க ஆச்சு?"

"இன்னிக்கு மத்தியானம் பண்ணைக் களத்துல ஆறு வைக்கப்போரும், வைக்கப்பிரி சுத்தி நெல்லு கொட்டி வச்ச சேரு ஒண்ணும் எரிஞ்சு போச்சு. தங்கையன் கொளுத்திட்டான்." சொல்லிவிட்டு அவர் காயாரோகணத்தின் கண்ணையே பார்த்தார். கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தார்.

வண்டிக்கு அடியில் போய்ப் படுத்த காயாரோகணத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ் கயிறு எப்போதோ பிய்ந்து போயிருந்தது. குழாயைச் சுற்றி உளுந்தங்கொடி கரிந்து முறுக்கியிருந்தது. அவர் விட்ட வெட்டுக்குள் இரண்டு நெற்று மாட்டி, வெந்து, இரும்போடு இரும்பாக ஒட்டிக் கிடந்தது. ரோட்டில் பரப்பியிருந்த செடி சக்கரத்தில் இழுபட்டு அடியில் சுற்றியிருக்கிறது. வெட்டிலிருந்து வந்த அனல் அதைப் பற்றவைத்திருக்கிறது. சாமிதுரை பயந்துபோய்க் கொடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு வண்டியை நகர்த்தியிருக்கிறான். பண்ணைக் களம் ரோட்டை ஒட்டித்தான், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது.

தங்கையன் யாரென்று நாகப்பட்டினத்தில் விசாரித்தாலே சொல்வார்கள். கருவேலங்குடி விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு என்று சென்னையில் சட்டம் போட்டாலும் போட்டார்கள், ஊருக்கு ஊர் ரகளை. தங்கையன் பண்ணையின் மூன்று மா நிலத்தை, ஒரு ஏக்கர் இருக்கும், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிர் செய்துகொண்டிருந்தவன், தன் பெயரைச் சாகுபடிக்காரனாகப் பதிய வேண்டும் என்று தாசில்தாரிடம் மனுப் போட்டிருந்தான். ரோட்டில் காய்ந்த உளுந்தும் அவனுடையதுதான். அவன்தான் கழியால் அதைப் புரட்டிக்கொண்டு நின்றான். தன் உளுந்தையே திரியாக வைத்துப் பண்ணையின் போரைக் கொளுத்திவிட்டான் என்று வழக்கு எழுதினார்கள். வண்டிக்கு அடியிலிருந்துதான் நெருப்பு வந்தது என்று அவன் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

காயாரோகணம் காதில் வாங்கினார். வாங்கிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தப்பு யாருடையது என்று வரும்? கைராசிக்காரர் காயாரோகணம் விட்ட வெட்டு என்று வரும். சோமாஸ்கந்தம் பேசாமல் இருப்பது தங்கையனை ஒழிக்க. காயாரோகணம் பேசாமல் இருப்பது தன் பெயரைக் காப்பாற்ற. ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசாமலேயே இரண்டு பேருக்கும் வசதியாகிவிட்டது.

புது இணைப்பை ஒன்றரை நாளில் முடித்தார். முன்குழாய், நடுக்குழாய் இரண்டையும் புதிதாகப் போட்டு, கடைசல் பட்டறையில் உட்கார்ந்து தகடுகளை மட்டம் எடுத்து, கேஸ்கெட் வைத்து, மூன்று பித்தளை நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றி முறுக்கினார். பின்னால் குழாயின் வாலில் துணியை அடைத்து இன்ஜினைப் போட்டு, தகட்டுக்குப் பக்கத்தில் பஞ்சைப் பிடித்துப் பார்த்தார். பஞ்சு அசையவில்லை. அவர் வாழ்க்கையில் செய்ததிலேயே ஒழுங்கான வேலை அதுதான். ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளை மாசியில் கேட்டிருந்தால்? இதை நினைக்காமல் இருக்க அவர் அன்றைக்குச் சத்தமாகப் பாடிக்கொண்டே வேலை செய்தார்.

மூன்றாம் நாள் வழக்குக்காக அதிகாரி ஒருவர் வந்து வண்டியைச் சோதித்தார். ஒரு சின்னக் கசிவுகூட இல்லை, வண்டியிலிருந்து நெருப்பு வர வழியே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. காயாரோகணத்தின் நல்ல வேலைதான் தங்கையனைச் சப்-ஜெயிலில் பூட்டியது.

பழைய குழாய்களைக் கடலில் போடத்தான் காயாரோகணம் நினைத்தார். சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக் கடற்கரை வரைக்கும் போனார். வலை உதறிக்கொண்டிருந்த சாதிசனம் "என்னண்ணே மூட்ட?" என்று கேட்டதும் திரும்பிவிட்டார். பழைய இரும்பு வாங்குகிற அல்லா பிச்சை வாரம் தவறாமல் வந்து அந்தச் சாக்கைக் காலால் தட்டிப் பார்ப்பார். "அது குடுக்கறதுக்கு இல்ல பாய்" என்று காயாரோகணம் சொல்லிவிடுவார். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. சாக்கு மூட்டை பெஞ்சுக்கு அடியில் கிடந்தது.

அந்த வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை ஒரு பெண் புங்க மரத்து நிழலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். வெயிலில் வந்த முகம் கருத்துப் போயிருந்தது.

"ஐயா, கொஞ்சம் தண்ணி குடுங்களேன். டீக்கடையில கேட்டா தனித் தகரக்குவளைய எடுத்து நீட்டுறான். அதுல குடிக்க மனசு வரல."

காயாரோகணம் தான் குடிக்கிற சொம்பில் பானைத் தண்ணீரை மொண்டு கையில் கொடுத்தார். அவள் அந்தச் சொம்பை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மடமடவென்று குடித்தாள்.

"ஒக்காரும்மா. எந்த ஊரு?"

"கருவேலங்குடிங்க. காத்தாயின்னு பேரு. ஊட்டுக்காரரு இங்க சப்-ஜெயில்ல இருக்காரு. திங்கக்கெழமதான் பாக்க வுடுவாங்களாம்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் காலுக்குப் பின்னால் அந்தச் சாக்கு. காயாரோகணம் ஸ்பேனரை எடுத்தார், கீழே போட்டார், மறுபடி எடுத்தார். எந்த நட்டுக்கு எடுத்தோம் என்று மறந்துபோயிற்று.

திங்கட்கிழமை தவறாமல் அவள் வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு தடவை, ஜெயிலுக்குப் போய்விட்டு ஊர் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு தடவை. ஐயா என்று கூப்பிட்டவள் மூன்றாவது வாரத்தில் அண்ணே என்றாள். ஒரு நாள் மடியிலிருந்து நாலு வெள்ளரிப்பிஞ்சை எடுத்து பெஞ்சில் வைத்தாள். காயாரோகணம் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"இந்த ஊர்ல மனுசனா மதிச்சுத் தண்ணி குடுக்கறது நீங்க ஒருத்தர்தான்ணே. வேணாங்காதீங்க."

வாங்கிக்கொண்டார். தின்ன முடியவில்லை.

ஆறாவது திங்களோ ஏழாவதோ, அவள் ஜெயிலிலிருந்து வரும்போதே கண் வீங்கி வந்தாள்.

"அண்ணே, வண்டிக்கு அடியில நெருப்பப் பாத்தேன், பாத்தேன்னு இத்தன நாளு சொல்லிக்கிட்டு இருந்தாரு. வண்டியப் பாத்த ஆபீசரு சுத்தமா இருக்குன்னு எழுதிட்டாருல்ல, சங்கத்து வக்கீலே அந்தக் கதைய வுட்டுடுன்னு சொல்லிட்டாராம். இப்ப அவருக்கே சந்தேகம் வந்துடுச்சுண்ணே. வெயில்ல என் கண்ணுதான் தப்பாப் பாத்துடுச்சோ காத்தாயி, நான் பீடிய அணைக்காமப் போட்டுட்டேனோங்குறாரு. அவரு பீடியே குடிக்க மாட்டாருண்ணே."

இதற்கு மேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? அன்றைக்கே எழுந்திருக்க வேண்டாமா? எழுந்திருக்கவில்லை. அடுத்த திங்கள் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த திங்களும் வந்தது. சொம்பை நீட்டினார், வாயைத் திறக்கவில்லை. பயம் ஒரு பக்கம். அதைவிட, அண்ணே என்று கூப்பிடுகிற அந்த ஒருத்தி முகம் மாறுவதைப் பார்க்க வேண்டியிருக்குமே என்பது இன்னொரு பக்கம். வெட்கக்கேடு என்றால் இதுதான். அவளிடம் மறைத்து வைத்துக்கொண்டே அவளிடம் நல்ல பெயரும் வாங்கிக்கொண்டிருந்தார்.

பத்தாவது திங்கட்கிழமை காத்தாயி தண்ணீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மூணு மாவும் போச்சுண்ணே. தாசில்தாரு வெசாரணைக்கு ஆள் நேர்ல வரணும்னாங்க. அவருதான் ஜெயில்ல இருக்காரே, நான் கைநாட்டு வைக்கிறேன்னு கெஞ்சுனேன். முடியாதுன்னு பேர அடிச்சுட்டாங்க. நேத்தே பண்ணை ஆளுங்க ஏர் பூட்டிட்டாங்க. எங்க வாழக்கட்டைய எல்லாம் புடுங்கி வரப்புல போட்டுட்டாங்க."

அழக்கூட இல்லை அவள். தண்ணீரைக் குடித்து, சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் காயாரோகணம் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். நீலாயதாட்சி சோற்றைப் போட்டு, மீன் குழம்பை ஊற்றி, அவர் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு மாசமா திங்கக்கெழமன்னா ஒங்களுக்குச் சோறு எறங்கல. என்னன்னு சொல்லுங்க."

சொன்னார். தோளில் விழுந்த கையிலிருந்து பிடுங்கிப்போட்ட வாழைக்கட்டை வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"என்கிட்ட சொல்லி என்னத்துக்கு ஆவும்?" என்றாள் கடைசியில். "இது எங்கிட்ட சொல்ற சேதியா?"

காயாரோகணம் கையைக் கழுவிக்கொண்டு நேரே ஷெட்டுக்குப் போய்ச் சாக்கு மூட்டையைச் சைக்கிளில் கட்டினார். சங்கத்து வக்கீல் வீட்டில் அதை அவிழ்த்தபோது, வக்கீல் அந்த வெட்டில் ஒட்டியிருந்த நெற்றைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து காயாரோகணத்தையும் அப்படியே பார்த்தார். ஏன் இத்தனை நாள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கோர்ட்டுல சொல்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயத் தொறக்காதீங்க, அந்தப் பொண்ணுகிட்டயும் சேத்துத்தான்" என்றார்.

ஆகவே பதினோராவது திங்கட்கிழமையும் காத்தாயி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் காயாரோகணம் கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் குழாயை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துச் சிரித்தார். "இந்த மாதிரி ஓட்டைக் குழாய் பழைய இரும்புக் கடையில வண்டி வண்டியாக் கெடக்கும். இது அந்தக் கார்ல இருந்ததுதான்னு என்ன நிச்சயம்? சங்கத்துக்காரங்க உங்களுக்கு என்ன செஞ்சாங்க?"

"கார வரச் சொல்லுங்கய்யா," என்றார் காயாரோகணம். "மாட்டிக் காட்டுறேன். இந்த வளைவு அந்த வண்டிக்குத்தான் உக்காரும். மதகுப் பாலத்துல இடிச்ச பள்ளம் வண்டியோட அடித்தகட்டுலயும் இருக்கும், குழாயிலயும் இருக்கும். ரெண்டும் நேர் நேரா வரும்."

மாஜிஸ்திரேட் யோசித்துவிட்டுச் சரி என்றார். மத்தியானத்துக்கு மேல் சாமிதுரை அம்பாசிடரைக் கோர்ட் வாசல் வேப்பமரத்தடிக்குக் கொண்டுவந்தான். பின்னாலேயே இன்னொரு வண்டியில் சோமாஸ்கந்தம் வந்து தள்ளி நின்றார். போலீஸ்காரர்கள் தங்கையனை அழைத்து வந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தான். காத்தாயி மத்தியான பஸ்ஸில்தான் வந்து இறங்கினாள், வக்கீல் சொல்லியிருந்தபடி ஒரு கட்டு உளுந்தஞ்செடி கொண்டுவந்திருந்தாள். எதற்கென்று அவளுக்குச் சொல்லவில்லை.

காயாரோகணம் வண்டிக்கு அடியில் போனார். பித்தளை நட்டுகள் அலுங்காமல் கழன்று வந்தன. பழைய முன்குழாயை ஏற்றினார், நடுக்குழாயை அதில் செருகினார், வெட்டைக் கீழே பார்க்கத் திருப்பிக் கிளாம்பை முறுக்கினார். பள்ளமும் பள்ளமும் நேருக்கு நேர் வந்து நின்றன. மாஜிஸ்திரேட்டே குனிந்து பார்த்தார். பிறகு சாமிதுரை கால் மணி நேரம் இன்ஜினை உறும விட்டான். காயாரோகணம் ஒரு பிடி உளுந்தஞ்செடியைக் குழாயைச் சுற்றிவிட்டு நகர்ந்தார்.

புகைந்தது. கொஞ்சம் கருகிற வாசனை வந்தது. அவ்வளவுதான். நெருப்பு வரவில்லை.

அரசு வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். சோமாஸ்கந்தம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தங்கையன் தலையைக் குனிந்துகொண்டான். ஆமாம், என் கண்தான் தப்பாகப் பார்த்திருக்கிறது என்று அந்தத் தலை சொல்லிற்று.

காயாரோகணத்துக்கு அப்போது புரிந்தது. கை தன் புத்தியைக் காட்டிவிட்டது. பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்றதும் குழாயை நன்றாக உள்ளே அழுத்தி, கிளாம்பைக் கடைசிச் சுற்று வரைக்கும் முறுக்கியிருந்தது. அன்றைக்கு அவசரத்தில் அப்படியா விட்டார்? எத்தனை புரி தளர்வாக விட்டார், குழாய் எவ்வளவு வெளியே நின்றது என்பதெல்லாம் இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும்.

"ஐயா, இன்னும் ஒரு தடவ. அன்னிக்கு நான் விட்ட மாதிரியே விட்டுடுறேன்."

ஆற விடவில்லை, ஆறினால் மறுபடி கால் மணி நேரம். பழுத்த இரும்புக்குப் பக்கத்தில் கையைவிட்டு நட்டை மூன்று புரி தளர்த்தினார். கோணித் துண்டைச் சுற்றிக் குழாயைப் பிடித்து இரண்டு விரற்கடை வெளியே இழுத்தார். கோணி நழுவிற்று. உள்ளங்கை இரும்பில் ஒட்டிச் சுரீரென்றது. விடாமல் இழுத்தார். எத்தனையோ வண்டிக்கு அடியில் படுத்து ஒழுகக் கூடாது, ஒழுகக் கூடாது என்று வேண்டிக்கொண்ட மனுஷன், ஆயுசில் முதல் தடவையாக, ஒழுகணும் சாமி என்று வேண்டிக்கொண்டார்.

சாமிதுரை காலை அழுத்தினான். அவன் கொஞ்சம் பலமாகவே அழுத்தினான், அவனுக்கும் பொசுங்கிய கை ஞாபகம் இருந்தது. வெட்டிலிருந்து சீறி வந்த அனலில் செடி முதலில் சிவந்தது. பிறகு பக்கென்று பிடித்துக்கொண்டது. சுடர் வண்டியின் வயிற்றை நக்கிக்கொண்டு இறங்கி, பொத்தென்று தரையில் விழுந்து எரிந்தது.

"இதான்!" தங்கையன் பெரிதாகக் கத்திவிட்டான். போலீஸ்காரர் தோளைப் பிடித்தும் நிற்கவில்லை. "இதாங்கய்யா நான் பாத்தது! காத்தாயி, இதுதான் புள்ள! என் கண்ணு தப்பாப் பாக்கல!" வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சாமிதுரையிடம் மாஜிஸ்திரேட் இரண்டே கேள்விதான் கேட்டார். அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சோமாஸ்கந்தம் வந்த வண்டி எப்போது கிளம்பிப் போயிற்று என்று யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கே தங்கையனை விடுவித்து உத்தரவாயிற்று. மூன்று மா நிலத்துக்கு அந்த உத்தரவில் இடமில்லை. அதற்கு அப்பீல் போடலாம், வருஷக்கணக்கில் ஆகும் என்றார் சங்கத்து வக்கீல்.

காயாரோகணம் வேப்பமரத்து வேரில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கைத் தோல் வழன்று போயிருந்தது. தங்கையன் காகிதத்தில் கையெழுத்துப் போட உள்ளே போயிருந்த நேரம் காத்தாயி கோர்ட்டுப் பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்தாள். எதிரில் குந்தி, அவர் கையைத் திருப்பிப் பிடித்துத் தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.

"எரியுதாண்ணே?"

"பரவால்லம்மா."

"கைய வேற சுட்டுக்கிட்டு..." இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள். "இது ஒங்களுக்கு எப்பண்ணே தெரிஞ்சுது?"

போன வாரம்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், நம்புவதற்காகவே கேட்ட மாதிரி இருந்தது அந்தக் குரல். அந்தப் பொய் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"நெருப்புப் புடிச்ச அன்னிக்கே தெரியும்மா. அன்னிக்குச் சாயங்காலமே."

தண்ணீர் நின்றது. அவள் அவர் கையை விடவில்லை, ஆனால் பிடியில் இப்போது ஒன்றும் இல்லை. இன்னொரு கையின் கட்டைவிரல் சொம்பைப் பிடித்தபடியே விரல் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியது.

"பதினோரு திங்கக்கெழம," என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். "பதினோரு திங்கக்கெழமயும் ஒங்க கையால தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கேன்."

உள்ளிருந்து தங்கையன் அவளைக் கூப்பிட்டான். அவள் சொம்பை அவர் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அதில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. கை தீயாய் எரிந்தது. அவர் அந்தச் சொம்பைத் தொடவில்லை.